மேட்டில் தட்டும் பழைய வேன்: நாக்கிங்கைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

வேனில் ஆள் ஏறியாயிற்று, மேடு தொடங்கிவிட்டது. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் சீட்டுக்கு அடியிலிருந்து கிணிகிணியென்று ஒரு சத்தம் கிளம்புகிறது. தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கியது போல இருக்கிறது. காலை எடுத்தால் உடனே நின்றுவிடுகிறது, மறுபடி அழுத்தினால் மறுபடி வருகிறது. பட்டறையில் இதற்குப் பெயர் நாக்கிங். பிங்கிங் என்று சொல்பவர்களும் உண்டு.

இங்கே சொல்லப்போவது பெட்ரோல் வேனுக்கு மட்டும். டீசல் என்ஜின் இயல்பாகவே தட்டும், அதன் கணக்கு வேறு. மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பா, பீடோர் பக்கத்துத் தோட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளையும் காய்கறிக் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடுகிற நிசான் வேனட் சி22, டோயோட்டா லைட்ஏஸ், பெரோடுவா ரூசா மாதிரியான, கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள வண்டிகள்தாம் கணக்கில். மீட்டர் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தாலும் சரி, அறுந்து நின்றுபோயிருந்தாலும் சரி. கம்ப்யூட்டர் கணக்குப்படி பெட்ரோலைப் பீச்சும் இஎஃப்ஐ வண்டியில் மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். பிளக் பொறி விட்டதும் நெருப்பு அங்கிருந்து சீராகப் பரவி சிலிண்டரின் ஓரம்வரை போக வேண்டும். உள்ளே சூடும் அழுத்தமும் அளவு மீறிவிட்டால், நெருப்பு வந்து சேருவதற்கு முன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி பிஸ்டனிலும் சுவரிலும் மோதுவதைத்தான் நாம் வெளியே கேட்கிறோம். எப்போதாவது ஓரிரு தட்டு என்றால் பயப்பட வேண்டாம். மேடு முழுக்கத் தட்டிக்கொண்டே ஏறினால் பிஸ்டன் தலை அரித்துப்போகும், ரிங் உட்காரும் விளிம்பு உடையும், சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டின் கேஸ்கெட் போகும்.

இதற்கு வழக்கமாக நடக்கும் வைத்தியம் இரண்டு. ஒன்று, ரோன் 97 பெட்ரோல் ஊற்றுவது. ரோன் என்பது ஆக்டேன் எண், அது கூடினால் பெட்ரோல் தட்டுவது குறையும். மற்றது, போமன் (பட்டறை மெக்கானிக்) டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் பாகத்தை, லேசாகத் திருப்பிவிடுவது. இரண்டிலும் சத்தம் அடங்கும். ஆனால் இதை யோசித்துப் பாருங்கள்: 2009-இல்தான் ரோன் 92 போய் ரோன் 95 வந்தது. அதற்கு முந்திய காலத்தில் ரோன் 92-இலேயே சத்தமில்லாமல் மேடு ஏறிய வேன், இன்று அதைவிட உயர்ந்த ரோன் 95-இல் தட்டுகிறது என்றால் மாறியது பெட்ரோல் இல்லை, என்ஜின். என்ஜினில் எது மாறியது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதைச் செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். முதல் நாளே ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

டைமிங் லைட் (பிளக் பொறி விடும் நேரத்தை, அதாவது டைமிங்கைக் காட்டும் விளக்கு), கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது), பிளக் சாக்கெட், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), 10, 12, 14 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள், வெள்ளைச் சாக்கட்டி, மாஸ்கிங் டேப், ஒரு மீட்டர் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ். இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் நல்லது. டைமிங் லைட்டும் கேஜும் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். அவை இரண்டும் இல்லாமல் இந்த வேலையைச் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது போலத்தான்.

இந்த வேன்களில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி வைத்து என்ஜினை ஓட விடும்போது பெல்ட்டும் ஃபேனும் கைக்கு எட்டும் தூரத்தில் சுற்றும். தொங்கும் சட்டை, கைலி, கழுத்துத் துண்டு எதுவும் வேண்டாம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட விடாதீர்கள்.

முதலில் காது: இது நாக்கிங்தானா?

தட்டுகிற சத்தம் எல்லாம் நாக்கிங் ஆகாது. ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை என்ஜினில் பல இடங்களில் பிடித்துக் கேளுங்கள். நிறுத்தி வைத்த வண்டியிலும் ஐட்லிங்கில் டிக் டிக் என்று சீராகக் கேட்டு, வேகம் ஏற ஏற அதுவும் வேகமானால் அது டாப்பட். வால்வ் இடைவெளியைச் சரிசெய்தால் போகும். காலையில் குளிர்ந்த என்ஜினில் சத்தமாக இருந்து, சூடானதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஊதுகிறது, அல்லது பிஸ்டன் தேய்ந்து ஆடுகிறது. ஆழமாக, சுத்தியலால் மரத்தில் அடிப்பது போல டொக் டொக் என்று கேட்டு, ஆக்சிலேட்டரை விடும்போதும் தொடர்ந்தால், அதோடு ஆயில் விளக்கும் மினுக்கினால், வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். அது கனெக்டிங் ராட் பேரிங். அதற்கு இந்தக் கட்டுரை உதவாது, லோரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

நாக்கிங்குக்கு அடையாளம் மூன்று. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு வரும். பாரம் இழுக்கும்போது மட்டும் வரும். காலை அரை அங்குலம் தளர்த்தினால் நிற்கும். மூன்றும் பொருந்தினால் மேலே படியுங்கள்.

சாவியை அணைத்த பிறகும் என்ஜின் சில நொடிகள் உதறிக்கொண்டே ஓடுகிறதா? அதையும் குறித்து வையுங்கள். உள்ளே கரி ஏதோ ஓரிடத்தில் சிவந்து கனன்றுகொண்டிருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஒரே மேடு, ஒரே கியர்

ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் ஒரே மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எது குணமாக்கியது என்று தெரியாது. உங்கள் தோட்டத்துப் பக்கம் வாகனம் அதிகம் வராத ஒரு மேட்டைத் தேர்ந்தெடுங்கள். பதினைந்து நிமிடம் ஓட்டி என்ஜினைச் சூடாக்குங்கள். மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து, ஆக்சிலேட்டரை முக்கால்வாசி அழுத்திப் பிடியுங்கள். எந்த வேகத்தில் தொடங்கியது, எந்த வேகத்தில் நின்றது, வெப்ப முள் எங்கே இருந்தது, எத்தனை பேர் ஏறியிருந்தார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதினால் நீங்கள் சாலையைப் பார்க்கலாம்.

கேமரன் மலைச் சாலை இதற்கு ஒரு பாடப்புத்தகம். தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கண்டார் அருவி தாண்டி ரிங்லெட், தானா ராத்தா என்று போகும்போது சுமார் 1,400 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறோம். மேலே போகப் போகக் காற்று மெல்லியதாகும், குளிரும். சிலிண்டருக்குள் அழுத்தம் குறையும். அதனால் கீழ்மேட்டில் தட்டிய என்ஜின் மேலே போனதும் அடங்குவது இயல்பு. அடங்காமல், ஏற ஏறத் தட்டு அதிகமானால் சந்தேகம் முதலில் சூட்டின்மேல் விழ வேண்டும். தண்ணீர் வழி எங்கோ திணறுகிறது.

பெட்ரோல்: சோதனைக்கு ஒரு டேங்க்

ரோன் 97 மருந்தல்ல, சோதனைக் கருவி. டேங்க் கால்பாகத்துக்கு இறங்கியதும் 20 லிட்டர் ரோன் 97 ஊற்றி, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே மேட்டில் ஏறுங்கள். சத்தம் முழுக்க நின்றால் கோளாறு சிறியது, டைமிங்கிலோ கரியிலோ இருக்கலாம். பாதிதான் குறைந்தது என்றால் பெரிதாக ஏதோ தவறியிருக்கிறது. துளியும் மாறவில்லை என்றால், இது நாக்கிங்தானா என்று முந்திய பகுதிக்குத் திரும்பிப் போங்கள். ரோன் 97-க்கு உதவித்தொகை கிடையாது. பள்ளி வேன் வருமானத்தில் மாதம் முழுக்க அதை ஊற்றிக் கட்டுப்படியாகாது.

கடையில் விற்கும் ஆக்டேன் பாட்டில்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பாயின்ட் ஏறும் என்று எழுதியிருந்தால் ரோன் 95 ரோன் 98 ஆகிவிடும் என்று நினைக்கிறோம். பல பாட்டில்களில் ஒரு பாயின்ட் என்பது ரோன் கணக்கில் 0.1 தான். அந்தப் பணத்துக்கு ஒரு தெர்மோஸ்டாட் வாங்கலாம்.

சூடு

என்ஜின் குளிர்ந்த பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். தண்ணீர் துருநிறமாக இருந்தால் உள்ளே குழாய்கள் அடைபட்டு வருகின்றன. மூடியின் ரப்பரைப் பாருங்கள். வெடித்திருந்தால், மூடியில் அச்சிட்ட எண்ணிலேயே, பெரும்பாலும் 0.9, புது மூடி வாங்குங்கள். சும்மா இருக்கட்டும் என்று 1.1 போட்டுவிடாதீர்கள். பழைய ரேடியேட்டரும் ஹீட்டர் ஹோஸும் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

அடுத்து ரேடியேட்டரின் முகம். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் வேனில் புழுதியும் பூச்சியும் எண்ணெய்ப்பனைப் பூவின் துகளும் சேர்ந்து இதழ்களுக்கு இடையில் களிம்பு மாதிரி ஒட்டியிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், டார்ச்சைப் பின்னால் பிடித்து முன்னால் நின்று பாருங்கள், வெளிச்சம் வராத இடம்தான் அடைப்பு. என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து மிதமான தண்ணீரை அடியுங்கள். ஹை பிரஷர் துப்பாக்கியைக் கிட்ட வைத்தால் இதழ் மடங்கி, இருந்த வழியும் போய்விடும்.

என்ஜின் ஓடும்போது ரேடியேட்டரின் மேல்தொட்டியிலிருந்து கீழ்த்தொட்டி வரை இன்ஃப்ராரெட் வெப்பமானியை நகர்த்திப் பாருங்கள். சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் சட்டென்று குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. அந்த ரேடியேட்டரைக் கழற்றித் தொட்டியைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டு அடைப்பெடுக்கச் சொல்லுங்கள், அல்லது மாற்றுங்கள்.

தெர்மோஸ்டாட் பற்றி நம் பக்கம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. வண்டி சூடாகிறது என்றதும் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கழற்றினால் தட்டையான சாலையில் என்ஜின் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் குடிக்கும், எரியாத மிச்சம் கரியாகப் படியும். அந்தக் கரிதான் ஓராண்டு கழித்து நாக்கிங்காகத் திரும்பி வரும். புதிது வாங்கி, பொருத்துவதற்கு முன் சோதியுங்கள்: நூலில் கட்டித் தண்ணீர்ச் சட்டியில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள், சட்டியின் அடியைத் தொடக்கூடாது. அதில் பொறித்திருக்கும் வெப்பத்தில், பெரும்பாலும் 82 டிகிரி, வாய் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது 8 மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்திருக்க வேண்டும்.

ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கூலன்ட் பாதி, சுத்தமான தண்ணீர் பாதி. குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் துரு நிற்காது.

பிளக்: நான்கு சாட்சிகள்

என்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு கழற்றுங்கள். ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை உரிந்து வரும். ஒயர்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி 1, 2, 3, 4 என்று எழுதிவிட்டுப் பிடுங்குங்கள். பெல்ட் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். கழற்றிய பிளக்குகளை அதே வரிசையில் வெள்ளைத் துணியில் அடுக்குங்கள்.

வெளிச்சத்தில் பிடித்து, பொறி பாயும் முனையைச் சுற்றியுள்ள பீங்கானைப் பாருங்கள். கருப்பட்டி டீயின் நிறத்தில் லேசான பழுப்பு இருந்தால் அந்தச் சிலிண்டர் நலமாக இருக்கிறது. சுண்ணாம்பு போல வெளுத்து, கொப்புளம் கட்டியிருந்தால் சூடு மீறியிருக்கிறது, பெட்ரோலும் போதாமல் போகிறது. ஈரமான கறுப்பாக, விரலில் எண்ணெய் ஒட்டினால் ஆயில் உள்ளே வருகிறது. பீங்கானின்மேல் மிளகுத்தூள் தூவியது போலச் சின்னப் புள்ளிகள், வெளிச்சத்தில் மின்னும் வெள்ளிப் பொடிகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அந்த வண்டியில் இனிப் பிள்ளைகளை ஏற்றி மேடு ஏறாதீர்கள், கோளாறு தீரும்வரை நிறுத்தி வையுங்கள்.

நான்கும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் டைமிங், கார்பரேட்டர், கூலிங் என்று பொதுவான காரணம். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் காற்று புகுகிறது. இந்த ஒரு வேறுபாடே பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

பிளக்கில் அச்சிட்ட எண்ணையும் சரிபாருங்கள். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் பெரிதாக ஆக பிளக் குளிர்ந்தது, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். சாம்பியனில் நேர்மாறு. பிராண்ட் மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் சூடான பிளக் உள்ளே போய்விடும். கையேட்டில் உள்ள எண்ணையே போடுங்கள். வண்டி எப்போதும் பாரத்தோடு மலை ஏறுவதென்றால் ஒரு படி குளிர்ந்ததைப் போடலாம். இரண்டு படி போனால் பிளக் கரிபிடித்து அணைந்துவிடும். பொறி பாயும் இடைவெளியான கேப் 0.8 மில்லிமீட்டர் என்பது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் (மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் தொடுமுனை) உள்ள பழைய வண்டிகளுக்குப் பொதுவானது, எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கையேட்டைப் பாருங்கள். புதுப் பிளக்கைக் கையால் முட்டும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று. அவ்வளவு போதும்.

டைமிங்: அதிகம் பிசகும் இடம்

பொறி சீக்கிரம் விழுந்தால் பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் உச்சிக்குப் போய்விடும். பழைய வேன்களில் நாக்கிங்குக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். பலமுறை பட்டறை மாறிய வண்டியில் ஒவ்வொருவரும் காதை வைத்துத் திருப்பிவிட்டுப் போயிருப்பார்கள்.

பாயின்ட் வகை டிஸ்ட்ரிபியூட்டராக இருந்தால் முதலில் பாயின்ட் இடைவெளி, பிறகுதான் டைமிங். இடைவெளி பெரிதானால் டைமிங் தானாக முன்னே போகும், அதாவது பொறி இன்னும் சீக்கிரம் விழும். 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் பொதுவான அளவு.

கிராங்க் புல்லியில் உள்ள கோட்டைத் துடைத்துச் சாக்கட்டியால் வெள்ளை பூசுங்கள். அந்தக் கோட்டை அப்படியே நம்பிவிடக்கூடாது. வெளி வளையம் ரப்பரில் ஒட்டியிருக்கும் புல்லியாக இருந்தால், ரப்பர் நைந்து வளையம் வழுக்கியிருக்கலாம். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை விட்டு, என்ஜினைக் கையால் ஸ்பேனர் போட்டுச் சுற்றுங்கள். குழல் உச்சிக்கு ஏறி நிற்கும்போது புல்லியின் கோடு சுழியத்துக்கு நேராக வர வேண்டும். வரவில்லை என்றால் புல்லி பொய் சொல்கிறது, டைமிங் லைட் காட்டுவதும் பொய்யாகும்.

பிறகு என்ஜினைச் சூடாக்குங்கள். டைமிங் லைட்டின் கிளிப்பை முதல் சிலிண்டர் ஒயரில் மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கும் (என்ஜின் உறிஞ்சல்) ஹோஸைக் கழற்றி, அதன் வாயை ஒரு திருகாணியால் அடையுங்கள். ஐட்லிங் வேகம் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும், கூடுதலாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னே தள்ளும் எடைக்கட்டைகள் விரிந்து கணக்கைக் கெடுக்கும். லைட்டைப் புல்லியில் அடித்து, கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். சரியான எண் மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அல்லது கையேட்டில் இருக்கும். ஊகித்துப் போடாதீர்கள், ஒரே மாடலிலும் என்ஜினுக்கு என்ஜின் அது மாறும்.

எண் கூடுதலாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, ரோட்டர் (உள்ளே சுற்றும் பகுதி) சுழலும் அதே திசையில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்புங்கள், டைமிங் பின்னால் வரும். எதிர்த்திசையில் திருப்பினால் முன்னே போகும். இங்கே கை பொறுமையாக இருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், கிராங்கில் 2 டிகிரி மாற்ற உடலை 1 டிகிரிதான் திருப்ப வேண்டும். 7 சென்டிமீட்டர் அகலமுள்ள உடலில் அது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், ஏறக்குறைய விரல்நகத்தின் தடிமன். காதை வைத்து ஒரு விரல் அகலம் திருப்பிவிடும் போமன் எத்தனை டிகிரியை மாற்றியிருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். திருப்புவதற்கு முன் உடலிலும் பிளாக்கிலும் சேர்த்து ஒரு கீறல் போட்டு வையுங்கள், திரும்பிவர வழி இருக்கும்.

ஐட்லிங்கில் எண் சரியாக இருந்தும் மேட்டில் தட்டினால், வேகத்தில் டைமிங் எவ்வளவு முன்னே போகிறது என்று பார்க்க வேண்டும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. வேக்கும் ஹோஸ் கழன்ற நிலையிலேயே ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றுங்கள். கோடு சீராக நகர்ந்து, காலை விட்டதும் சீராகத் திரும்ப வேண்டும். லேசாக ஏற்றியதுமே கோடு எகிறிப் பாய்ந்தால் உள்ளே எடைக்கட்டைகளைப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. போய் நின்று திரும்பவில்லை என்றால் கட்டைகள் துருவில் மாட்டிக்கொண்டன. என்ஜினை அணைத்து மூடியைத் திறந்து ரோட்டரைக் கையால் சுழலும் திசையில் திருப்பி விடுங்கள், டக்கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். சோம்பிக்கொண்டு வந்தால் பிரித்துச் சுத்தம் செய்து, தண்டில் இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள்.

கோடு ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது டைமிங் செயின் நீண்டுவிட்டது. ரோட்டர் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் எவ்வளவு திருப்பினாலும் டைமிங் நிற்காது.

கடைசியாக வேக்கும் ஹோஸ். பல வண்டிகளில் ஐட்லிங்கில் அந்த ஹோஸில் உறிஞ்சல் இருக்கக்கூடாது, ஆக்சிலேட்டர் கொடுத்தால்தான் வர வேண்டும். கார்பரேட்டர் மாற்றியபோது ஹோஸை வேறு துளையில் மாட்டியிருந்தால் எல்லாக் கணக்கும் தப்பும். ஹோஸ் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சத்தத்தை அடக்குவதற்காகக் கையேட்டு எண்ணுக்குக் கீழே இறக்கிக்கொண்டே போகாதீர்கள். தற்காலிகமாக 2 டிகிரி சரி. அதற்கு மேல் போனால் இழுவை குறையும், டிரைவர் இன்னும் அழுத்துவார், நெருப்பு தாமதமாக எரிந்து எக்ஸாஸ்ட்டும் ஹெட்டும் சூடாகும், கடைசியில் சூடு ஏறியே மறுபடி தட்டும்.

இஎஃப்ஐ வண்டியில் டைமிங்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அங்கே நாக் சென்சாரின் ஒயரையும், அதன் போல்ட் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தளர்ந்திருந்தால் சென்சாருக்குக் காது கேட்காது.

பெட்ரோல் போதாத கலவை

காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போனால் எரிப்பு சூடாகும். ஐட்லிங்கில் என்ஜின் ஓடும்போது கார்பரேட்டரின் அடி, மேனிஃபோல்ட் இணைப்புகள், பிரேக் பூஸ்டர் ஹோஸ் ஆகியவற்றின்மேல் தண்ணீரை மெல்லியதாகத் தெளியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமும் ஒயர்கள் பக்கமும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெளித்த இடத்தில் என்ஜின் சத்தம் மாறினால் அங்கேதான் காற்று புகுகிறது. கார்ப் கிளீனரை அடித்துச் சோதிப்பவர்களும் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் தீப்பிடிக்கும், அது வேண்டாம்.

பெட்ரோல் ஃபில்டரைக் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். பழைய டேங்கின் துரு அதில்தான் சேரும். மேட்டில் ஏற ஏற இழுவை குறைந்து, தட்டி, சமதளத்தில் சரியானால் ஃபில்டரோ பெட்ரோல் பம்ப்போ காரணம். கார்பரேட்டரைப் பிரித்தால் ஜெட் துளைகளைக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டால் துளை அகன்று அளவு போய்விடும். இஎஃப்ஐ வண்டியில் காற்றளவு சென்சாரில் அழுக்கு படிந்தாலும் இதே விளைவுதான், அதற்குரிய கிளீனரால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை மறுபடி உள்ளே விடும் இஜிஆர் உள்ள என்ஜினில், அது அடைபட்டிருந்தாலும் தட்டும்.

கரியும், சீவிய ஹெட்டும்

இவ்வளவும் சரியாக இருந்து இன்னும் தட்டினால் கம்ப்ரஷன் பாருங்கள். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள், காயில் ஒயரைப் பிடுங்குங்கள், ஒருவர் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடிக்க, சாவியால் ஆறேழு சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். கையேட்டு எண்ணைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தால், உதாரணமாக 175 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய என்ஜினில் 200 காட்டினால், எரியறையில் இடம் சுருங்கிவிட்டது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த என்ஜினில் கம்ப்ரஷன் கூடுவது நல்ல செய்தி அல்ல.

இடம் சுருங்க இரண்டு காரணம். ஒன்று கரி. மற்றது நம் பக்கம் அடிக்கடி மறந்துபோவது: வண்டி முன்பு சூடாகி ஹெட் வளைந்தபோது பட்டறையில் அதைத் தட்டையாக்க அடிப்பரப்பைச் சீவியிருப்பார்கள். 1,500 சிசி நான்கு சிலிண்டர் என்ஜினில் 0.5 மில்லிமீட்டர் சீவினாலே 9.0 இருந்த கம்ப்ரஷன் விகிதம் ஏறக்குறைய 9.3 ஆகிவிடும். இரண்டு முறை சீவியிருந்தால் கேட்கவே வேண்டாம். பழைய வண்டியை வாங்கும்போதே, ஹெட் எப்போதாவது சீவியதா என்று விற்பவரைக் கேளுங்கள். சீவியது உறுதியானால் தடித்த கேஸ்கெட் கிடைக்கிறதா என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கடையில் சீவாத ஹெட் ஒன்றைத் தேடலாம். அப்படிப்பட்ட என்ஜினுக்கு மட்டும் ரோன் 97 நியாயமான செலவு.

கரி என்றால், ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் மென்மையான வழியை முயலுங்கள். பாலிஈதர் அமீன் உள்ளது என்று லேபிளில் எழுதிய கிளீனரை, பாட்டிலில் சொன்ன அளவுக்கு, தொடர்ந்து இரண்டு டேங்குக்கு ஊற்றுங்கள். அதோடு ஒருநாள் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் நிலையான வேகத்தில் ஓட்டுங்கள். தினமும் ஐந்து கிலோமீட்டர் பள்ளிக்கும் வீட்டுக்கும் ஓடும் வண்டியில் கரி சேருவது இயல்பு, அதற்கு மூச்சு விட ஒரு ஓட்டம் வேண்டும்.

தண்ணீர் முறை பழையது, வேலை செய்யும், ஆனால் கை நிதானம் வேண்டும். சூடான என்ஜினை நிமிடத்துக்கு 2,000 சுழற்சிக்கு மேல் பிடித்துக்கொண்டு, செடிக்குத் தெளிக்கும் புட்டியில் மெல்லிய தூவலாக, 300 மில்லிலிட்டரைப் பத்து நிமிடத்தில் கார்பரேட்டர் வாயில் தெளியுங்கள். என்ஜின் தடுமாறினால் நிறுத்துங்கள். ஒருபோதும் ஊற்றாதீர்கள். தண்ணீர் சிலிண்டரில் தேங்கினால் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இஎஃப்ஐ வண்டியில் இதைச் செய்ய வேண்டாம். முடிந்ததும் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு என்ஜின் ஆயிலை மாற்றுங்கள்.

கரி எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் திரும்பி வரும். மலை இறங்கிவந்து, அடிவாரத்தில் மறுபடி ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது பின்னால் நீலப் புகை குபீரென்று வந்தால் வால்வ் சீல் போய்விட்டது. எந்நேரமும் புகை வந்தால் ரிங். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் தேங்கியிருந்தால், என்ஜினின் ஆயில் ஆவியை உள்ளிழுத்து எரிக்க விடும் பிசிவி வால்வை மாற்றுங்கள். அது சில்லறைக் காசுதான். உள்ளே போகும் ஆயில் கரியாவது மட்டுமல்ல, எரியும் கலவையின் ஆக்டேனையும் குறைக்கிறது. கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ்.

ஓட்டும் முறை

வேலையெல்லாம் முடிந்த வண்டியையும் கால் கெடுத்துவிடும். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து நான்காம் கியரில் 40-இல் மேடு ஏறாதீர்கள். சுழற்சி குறைந்து, பாரம் கூடி, தட்டுவதற்கு ஏற்ற நிலை அதுதான். மேடு தொடங்குவதற்கு முன்பே மூன்றாவது, வேண்டுமானால் இரண்டாவது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். அது என்ஜினுக்காக மட்டும் சொல்வதில்லை.

திரும்ப அதே மேடு

பழைய நோட்டை எடுத்துக்கொண்டு அதே மேட்டுக்குப் போங்கள். ரோன் 95, அதே ஆள் பாரம், மூன்றாவது கியர், 40. முழுக்க அழுத்தும்போது மட்டும் ஒரே ஒரு நொடி லேசாகக் கிணுங்கி அடங்கினால் டைமிங் சரியான இடத்தில் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். அதற்கு மேல் கேட்டால் 1 டிகிரி பின்னால். முடிந்ததும் டைமிங் எண், பிளக் எண், கேப், நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன், தேதி, மீட்டர் ஆகியவற்றைச் சிறு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்சீட்டின் அடியில் ஒட்டிவையுங்கள். அடுத்த போமன் சீட்டைத் தூக்கியதும் முதலில் அவர் கண்ணில் படட்டும்.